தேதிக்கான கட்டம்

என் தங்கச்சியின் பெயரை எழுதக் கூடாது என்பது சட்டம். அவளை அடையாளம் காட்டும் எதையும் எழுதக் கூடாது என்பதால் எனக்கும் பெயர் இல்லை, அப்பா அம்மாவுக்கும் இல்லை. கோர்ட்டில் எங்களுக்கு நம்பர் கொடுத்தார்கள். அவள் பிடபிள்யூ ஒன்று, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, அம்மா இரண்டு, ஒரு டாக்டர் மூன்று, நான் நான்கு. குற்றம் சாட்டப்பட்ட ஜெயராமனுக்கு மட்டும் ஃபைலில் முழுப்பெயர், அப்பா பெயர், வயது, கதவு எண் எல்லாம் உண்டு.

வீட்டில் அவளை மேஸ்திரி என்று கூப்பிடுவோம். அந்தப் பெயர் எந்த ஃபைலிலும் ஏறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஈஜிபுராவில் நாங்கள் இருந்த கட்டடத்தில் ஆறு வீடு, தரைக்கடியில் தண்ணீர் சேர ஒரு சம்ப்பு. காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் நாலு மணிவாக்கில் சம்ப்பில் வந்து விழும். அதை மொட்டைமாடி டேங்குக்கு ஏற்ற மோட்டார் போட வேண்டும். மோட்டார் ரூம் மாடிப்படிக்குக் கீழே. சாவி ஓனரின் தம்பி ஜெயராமனிடம், அவன் மேல்மாடியில். அம்மா அப்பார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் முடித்து வர ஆறு ஆகும். அப்பா வைட்ஃபீல்டுக்கு ஆபீஸ் வண்டி ஓட்டுகிறார். அவர் எப்போது வருவார் என்பது சில்க் போர்டு சிக்னலின் கையில். ஆகவே தண்ணீர் நாள் வந்தால் நான்காம் வகுப்பு முடித்து வரும் ஒன்பது வயதுக்காரி யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் மேலே போய், "மோட்டார் போடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்து, யார் வீட்டுக் குடம் எங்கே நிற்க வேண்டும் என்று ஆறு வீட்டையும் மிரட்டுவாள். மேஸ்திரி என்ற பெயர் அப்படி வந்தது.

ஒரு தண்ணீர் நாளில் மோட்டார் ரூமில் நடந்ததை அவள் அம்மாவிடம், போலீஸிடம், டாக்டரிடம், மாஜிஸ்திரேட்டிடம், கடைசியாக நீதிபதியிடம் சொன்னாள். ஐந்து தடவை போதும். ஆறாவது தடவை நான் சொல்லப்போவதில்லை.

விஷயம் வெளியே வந்தது நவம்பர் 27, திங்கட்கிழமை. அம்மாவுக்கு அன்று லீவு. சம்ப்பில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மேஸ்திரி எழுந்திருக்கவில்லை.

"போய் மோட்டார் போடச் சொல்லுடி."

"நீ போ."

"இன்னாடி ஆச்சு ஒனக்கு, ரெண்டு வாரமா இப்படியே கீற?"

மூன்றாவது தடவை அம்மா கேட்டபோது சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்தாள். சம்ப்பு நிரம்பித் தெருவில் ஓடியது. ஆறு வீட்டில் யாரும் மோட்டார் போடவில்லை.

இனி என் பங்கு.

எங்கள் வரிசையில் ஃபார்ம் நிரப்புகிற ஆள் நான். கோலார் தங்கவயலிலிருந்து வந்த எங்கள் சொந்தத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஜென்மம் என்பதால் எட்டாம் வகுப்பிலிருந்தே இந்த உத்தியோகம். ரேஷன் கார்டு, ஜாதி சர்டிஃபிகேட், கேஸ் கனெக்‌ஷன், எல்லாம் நான்தான். இதில் நான் கற்ற பாடம் ஒன்றே ஒன்று: எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. விட்டால் கவுண்டரில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் திருப்பித் தள்ளிவிடுவார். கீழ்வீட்டு முத்தம்மாக்காவுக்குப் பிறந்த தேதி தெரியாது. ஜூன் ஒன்று என்று போட்டேன். பென்ஷன் வந்தது. எங்கள் கட்டடத்தில் மட்டும் நான்கு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். இதுவரை யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஸ்டேஷனில் அம்மா சொல்லச் சொல்ல, கன்னடத்தில் புகாரை எழுதியது நான். பாதியில் பேனா நின்றது.

"எந்த அன்னிக்கு?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"தண்ணி வந்த அன்னிக்கு."

"அது மாசத்துல பதினஞ்சு நாள் வருது."

"தீபாவளி லீவு முடிஞ்சு ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்தேன்ல. அப்ப வந்த மொதல் தண்ணி."

சுலபமான கணக்கு. இன்று 27, தண்ணீர் நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் பின்னால் போனால் 25, 23, 21, 19, 17, 15. அதற்கு முன்னால் 13, அன்று லீவு. ஆக நவம்பர் 15, புதன்கிழமை.

மேஸ்திரி எட்டிப் பார்த்தாள். கன்னடம் அவள் என்னைவிட நன்றாகப் படிப்பாள். "புதன்கிழமை இல்லண்ணா. அன்னிக்கு நீல யூனிஃபார்ம் போட்டிருந்தேன். புதன்கிழமைன்னா வெள்ளை."

"லீவு முடிஞ்ச மொத நாளு. அம்மா மாத்திப் போட்டு அனுப்பிருக்கும்."

"இல்லண்ணா."

"சும்னே இரு. தேதி இல்லன்னா வாங்க மாட்டாங்க."

எதிரில் உட்கார்ந்திருந்த எஸ்ஐ மேடம் தேதி கேட்கவேயில்லை என்பதைப் பின்னாளில்தான் நினைத்துப் பார்த்தேன். அன்று நான் ஒரு கட்டத்தைப் பார்த்தேன். அந்தத் தாளில் கட்டமே கிடையாது. வெறும் வெள்ளைத் தாள்.

அந்த நீல யூனிஃபார்மைப் போலீஸ் எடுத்துப் போனார்கள். அதற்குள் மூன்று தடவை துவைத்தாகிவிட்டது. டாக்டர் ரிப்போர்ட்டிலும் ஒன்றுமில்லை. இத்தனை நாள் கழித்து வந்தால் இருக்காது, இல்லாததால் நடக்கவில்லை என்றாகாது என்று டாக்டரே எழுதியிருந்தார். மாஜிஸ்திரேட்டிடம் மேஸ்திரி தேதி எதுவும் சொல்லவில்லை. "தண்ணி வந்த நாள்" என்றாள், அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். நல்ல மனிதர். கட்டங்களில் நம்பிக்கை இல்லாதவர்.

நான்கு மாதத்தில் ஜெயராமன் ஜாமீனில் வந்தான். அவனுடைய வக்கீல் ஃபிராங்க்ளின் நீட்டியது ஒரே ஒரு தாள். ஜெயராமன் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் சூப்பர்வைசர். வாசலில் விரல் வைத்தால் நேரம் பதியும் மெஷின். நவம்பர் 15 அன்று உள்ளே 1.52, வெளியே 10.06.

"மெஷினே அவன் கையில இருக்குது. மாத்தி வெச்சிருப்பான்" என்றேன் அப்பாவிடம்.

"உன் தேதி சரிதானேடா?"

"கணக்குப்பா. கணக்கு எப்படித் தப்பும்?"

நாங்கள் தொம்மலூருக்கு வீடு மாறினோம். அங்கே தண்ணீர் லாரியில் வந்தது. மேஸ்திரி குடத்தைத் தொடவில்லை.

குழந்தைக்குத் துணையாகக் குழந்தைகள் நலக் கமிட்டி அனுப்பிய டோரதி அக்கா எங்கள் ஊர்க்காரர், தங்கவயல். கேஸ் விசாரணைக்கு வர பதினான்கு மாதம் ஆனது. அதற்கு ஒரு வாரம் முன்னால் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இவளுக்கு எதையும் சொல்லிக் குடுக்காதீங்க. ஞாபகம் இருக்கறத அவளே சொல்லட்டும். மறந்திருந்தா மறந்துட்டேன்னு சொல்லட்டும். அது ஒண்ணும் தப்பில்ல. என்னா தம்பி, உன்கிட்டதான் சொல்றேன்."

"எனக்கு எதுக்குக்கா சொல்றீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தா தெரியுது."

டோரதி அக்கா நல்லவர். ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைத் திறக்காதே என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் அவரை நல்லவர் என்றுதான் சொல்வோம், கேட்க மாட்டோம். புகாரில் புதன்கிழமை என்று இருக்கிறது. இவள் போய்த் தண்ணி வந்த நாள் என்று மட்டும் சொன்னால் முரண்பாடு என்பார்கள். நான் நோட்ஸ் எழுதினேன். கோடு போட்ட தாளில் பன்னிரண்டு பாயிண்ட். காலேஜ் சுவர்ப் பத்திரிகையில் மாடல் கொஸ்டின் பேப்பர் எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. முதல் பாயிண்ட், 'உண்மையை மட்டும் சொல்ல வேண்டும்.' நான்காவதில் தேதி, கிழமை, நேரம். ஏழாவது, 'தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும்.'

ஆறு சாயங்காலம் ஒப்பிக்க வைத்தேன்.

"தேதி?"

"நவம்பர் பதினஞ்சு, புதன்கிழமை."

"எப்படித் தெரியும்?"

"நோட்ஸ்ல இருக்கு."

"அப்படிச் சொல்லாத. ஞாபகம் இருக்குன்னு சொல்லு."

"ஞாபகம் இல்லியே. ஏழாவது பாயிண்ட்ல தெரியாதத தெரியாதுன்னு சொல்லணும்னு எழுதிருக்க."

தாளை வாங்கி ஏழாவது பாயிண்டின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'தேதி தவிர' என்று சேர்த்தேன். அவள் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள்.

கோர்ட்டில் அவளைக் கேள்வி கேட்டபோது நான் வராந்தாவில் நின்றேன். சாட்சி என்பதால் உள்ளே விட மாட்டார்கள். டோரதி அக்கா மட்டும் கூடப் போனார். இந்த மாதிரிக் கேஸில் வக்கீல் குழந்தையை நேராகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் கேட்பார். அவன் முகம் தெரியாமல் நடுவே திரை. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. குறை சொல்ல இடமில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தாள்.

"எல்லாத்துக்கும் பதில் சொன்னேண்ணா. ஒண்ணுகூட விடல."

டோரதி அக்கா என்னைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுத்தார். பிறகு, "நோட்ஸா எழுதிக் குடுத்த?" என்றார்.

வாக்குமூலத்தின் நகல் பத்து நாளில் கிடைத்தது. கோர்ட்டில் குறுக்கு விசாரணையைக் கேள்வி பதிலாக எழுதுவதில்லை. கேள்வியையே சாட்சி சொன்னதுபோல எழுதி, கன்னடத்தில் 'என்றால் சரி' அல்லது 'என்றால் சரியல்ல' என்று முடிப்பார்கள். பத்து வயதுக் குழந்தை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மாதிரிப் பேசியிருந்தாள்.

'என் அண்ணன் எனக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்தான் என்றால் சரி. ஆறு நாள் படித்தேன் என்றால் சரி. தேதி அதில் இருந்தது என்றால் சரி. அந்தத் தேதி எனக்கே ஞாபகத்தில் இருந்ததல்ல என்றால் சரி. ஜெயராமன் என்னை எதுவும் செய்யவில்லை என்றால் சரியல்ல.'

அதற்குக் கீழே நீதிபதியே ஒரு கேள்வி கேட்டிருந்தார். உனக்கே ஞாபகம் இருப்பது என்ன? 'தண்ணீர் வந்தது. லீவு முடிந்து வந்த முதல் தண்ணீர். நீல யூனிஃபார்ம் போட்டிருந்தேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, நான் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை.'

கடைசியாக ஃபிராங்க்ளின் இன்னும் ஒரே ஒரு கேள்வியை எழுதி நீட்டியிருக்கிறார். 'எங்கள் பள்ளியில் புதன்கிழமை வெள்ளை யூனிஃபார்ம்தான் போட வேண்டும் என்றால் சரி.'

பஸ்ஸில் வைத்து அதைப் படித்தேன். மோட்டார் சத்தம் என் பன்னிரண்டு பாயிண்டிலும் இல்லை. எனக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து போனில் பழைய போட்டோக்களைத் தேடினேன். எதைத் தேடுகிறேன் என்று தெரியாமல்தான் தேடினேன். நவம்பர் 20, திங்கட்கிழமை. எங்கள் தெருமுனையில் யாரோ தோண்டிப் போட்ட பள்ளத்தில் பைப் உடைந்து ஆளுயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடிக்கிறது. காலேஜ் குரூப்பில் அதை நான்தான் போட்டிருந்தேன். 'ஈஜிபுராவில் புதிய நீரூற்று. அனுமதி இலவசம்.' நாற்பத்தியொரு பேர் சிரித்திருந்தார்கள்.

அன்று எங்களுக்கு வர வேண்டிய தண்ணீர் அந்தப் பள்ளத்தில் போயிற்று. மறுநாள் 21, செவ்வாய்க்கிழமை, விட்டார்கள். அதிலிருந்துதான் 23, 25, 27. அதற்கு முந்தின வாரம் வேறு கணக்கு. 18, 16. நவம்பர் 16, வியாழக்கிழமை. நீல யூனிஃபார்ம்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒன்ன எப்போ கூப்புடறாங்க?"

"அடுத்த வாய்தால."

"நோட்ஸ் எழுதலன்னு சொல்லிடு."

"நான் எழுதினேன்னு அவ சொல்லிட்டாப்பா."

"கொழந்த. இன்னாவோ ஒளறிட்டான்னு சொல்லு. பேப்பர் எங்க கீது?"

"என்கிட்ட."

"கிழிச்சுப் போடு."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "இவன் இல்லன்னா அவ பொய் சொன்னான்னு ஆவாதா?" என்றாள்.

இந்த மாதிரி நேரத்தில் நான் ஏதாவது தமாஷாகச் சொல்வது வழக்கம். அன்றைக்கு யாரும் எதிர்பார்க்கவில்லை.

அரசு வக்கீல் நிருபமா மேடத்துக்குத் தமிழ் புரியும், பேச வராது. நான் தமிழில் சொல்ல, அவர் கன்னடத்தில் பதில் சொல்வார். கோர்ட் வாசலில் கையில் ஒன்பது ஃபைலோடு நின்றபடியே கேட்டார்.

"இந்தச் சட்டத்தில குத்தம் பண்ணலன்னு அவன்தான் நிரூபிக்கணும்னு படிச்சிருக்கேன் மேடம்" என்றேன்.

"அது வீட்டுக்குக் கூரை. அஸ்திவாரம் நாம போடணும். அப்புறம்தான் அவன் பேசணும்." ஃபைலை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "பாருப்பா, ஒரு கொழந்தையோட வார்த்தை ஒண்ணே போதும். வேற சாட்சி வேண்டாம், டாக்டர் ரிப்போர்ட் வேண்டாம், அத வெச்சே தண்டிக்கலாம். ஆனா அந்த வார்த்தை கொழந்தையோடதா இருக்கணும். நீ எழுதினதா இருக்கக் கூடாது."

"நடந்தத அவதான் சொன்னா மேடம். நான் தேதி மட்டும்தான் போட்டேன்."

"அத நீதான் போய்ச் சொல்லணும். உன்னை நம்பணுமா வேண்டாமான்னு அவங்க பாத்துக்குவாங்க."

ஜெயராமனின் 16ஆம் தேதிப் பதிவைக் கொண்டுவரச் சொல்லி அன்றே மனு போட்டார்.

சாட்சிக்கூண்டில் ஏறினேன். புகார் என் கையெழுத்து என்றேன். தேதி நான் கணக்குப் போட்டு எழுதியது, தப்பாகப் போட்டேன் என்றேன். நீரூற்று போட்டோவை நிருபமா மேடம் காட்டினார். ஃபிராங்க்ளின் ஆட்சேபித்தார். ஆட்சேபத்தையும் எழுதிக்கொண்டு போட்டோவையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஃபிராங்க்ளின் ஐம்பது வயதுக்காரர், கண்டோன்மென்ட் பகுதித் தமிழர். என்னை ஒருமுறைகூட மிரட்டவில்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் மாதிரி பேசினார். நீதிபதி தன் பாட்டுக்குக் கன்னடத்தில் சொல்ல, ஸ்டெனோ தட்டிக்கொண்டே வந்தார்.

"தம்பி, காலேஜ்ல சுவர்ப் பத்திரிகை எழுதறீங்கல்ல?"

"ஆமா சார்."

ஒரு ஜெராக்ஸை நீட்டினார். "இந்த மாடல் கொஸ்டின் பேப்பர் நீங்க எழுதினதா? நாலாவது கேள்வியப் படிங்க."

படித்தேன். "'கேன்டீன் சாம்பாரில் பருப்பு இருந்ததாக வதந்தி. கண்ணால் கண்ட சாட்சிகளைக் கொண்டு நிறுவுக. பத்து மதிப்பெண்.'"

ஸ்டெனோ குனிந்துகொண்டார்.

"நல்லா எழுதறீங்க. நடக்காதத நடந்த மாதிரி எழுத வரும் உங்களுக்கு."

"அது தமாஷுக்கு சார்."

"தமாஷுக்குத்தான். வருமா வராதா?"

"வரும்."

'என்றால் சரி' என்று தட்டும் சத்தம் கேட்டது.

"தங்கச்சிக்கு நோட்ஸ் எழுதிக் குடுத்தீங்களா?"

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். ஏழாவது பாயிண்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

"'தேதி தவிர'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அப்ப தேதி யாருது?"

"என்னுது."

"தண்ணி வந்ததுன்னு சொன்னது?"

"அவ."

"நீல யூனிஃபார்ம்?"

"அவ. அன்னிக்கே சொன்னா சார், புதன்கிழமை இல்லன்னு. நான்தான் கேக்கல."

"இருக்கட்டும். இப்ப வியாழக்கிழமைன்னு சொல்றீங்களே, அது யாரு கண்டுபிடிச்சது?"

நான் திரையைப் பார்த்தேன். இன்று அதற்குப் பின்னால் யாரும் இல்லை. சுவரோரம் மடக்கி வைத்திருந்தார்கள்.

"நான்தான்."

"புதன்கிழமை நிக்காதுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்."

"ஆமா."

"தேங்க்ஸ் தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார்.

கம்பெனியிலிருந்து பதில் நான்கு மாதம் கழித்து வந்தது. பதினெட்டு மாதத்துக்கு முந்தின விரல்பதிவுகள் சர்வரில் அழிக்கப்பட்டுவிடும். 15ஆம் தேதிக்கு மட்டும் ஜாமீன் சமயத்தில் எடுத்த பிரிண்ட் இருக்கிறது. 16க்கு இல்லை. மெஷினுக்குப் பதினெட்டு மாதம் போதும். மேஸ்திரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

தீர்ப்பு செப்டம்பரில். ஐம்பத்திரண்டு பக்கம். நீதிபதி கடைசிப் பகுதியை மட்டும் படித்தார். நான் பிறகு முழுவதையும் படித்தேன், இரண்டு தடவை. அதில் எங்கள்மேல் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

புகார் தாமதமானது பெரிய விஷயமல்ல, குழந்தைகள் உடனே சொல்வதில்லை என்று எழுதியிருந்தார். டாக்டர் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லாததும் பெரிதல்ல. குழந்தைக்கு ஜெயராமன்மேல் பகை ஏதும் இல்லை. நோட்ஸ் பற்றிக் கேட்டதும் தயங்காமல் ஒப்புக்கொண்ட விதத்தைப் பார்த்தால் அவள் இயல்பாகவே உண்மை பேசுகிறவள் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றுகிறது. இது நாற்பத்தியொன்றாவது பத்தி. அதோடு தீர்ப்பு முடிந்திருந்தால் நான் நாற்பத்தியொன்றை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பேன்.

நாற்பத்திரண்டில் 'ஆனால்' வந்தது. சாட்சியத்தில் நெல்லையும் பதரையும் பிரித்தெடுப்பது நீதிமன்றத்தின் கடமை. இங்கே பிடபிள்யூ நான்கு கைவைத்த பிறகு எது நெல், எது பதர் என்று பிரிக்க முடியவில்லை. ஆறு நாள் ஒப்பிக்க வைக்கப்பட்ட குழந்தையின் சொல்லில் எந்த வரி அவளுடையது, எந்த வரி அண்ணனுடையது என்று நிச்சயமாகச் சொல்ல இயலாது. அரசுத் தரப்பு சொன்ன தேதியில் குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே இல்லை. வேறொரு தேதி, அது உடைந்த பிறகு, அதே அண்ணனிடமிருந்து வருகிறது. போட்டோ தெருவில் தண்ணீர் ஓடியதைக் காட்டுகிறது, எந்த வீட்டுக்கு எந்த நாளில் தண்ணீர் வந்தது என்பதைக் காட்டவில்லை. மோட்டார் சத்தம் பற்றிய வரி நெருடுகிறது. ஆனாலும் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. விடுதலை.

மோட்டார் சத்தம் என் தாளில் இல்லை. தாள் அவர்கள் ஃபைலில்தான் இருந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நெருடுகிறது என்று எழுதியவர் அடுத்த வரிக்குப் போய்விட்டார். அப்பீலில் இதைத்தான் முதலில் வைப்பேன் என்றார் நிருபமா மேடம். ஃபைல் மேலே போக எவ்வளவு நாள் ஆகும் என்று அம்மா கேட்டாள். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர மாதம் எதுவும் சொல்லவில்லை. தெரியாத தேதியைச் சொல்லாத ஒரு ஆளை அன்றுதான் பார்த்தேன்.

ஜெயராமன் எங்களைக் கடந்து போனான். அவன் அண்ணன் போனில் யாரிடமோ, "ஆய்த்து, ஆய்த்து", முடிந்தது முடிந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா வண்டி எடுத்துவரப் போனார். அம்மாவும் டோரதி அக்காவும் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேஸ்திரி மரத்தடியில் நின்றாள். இப்போது ஆறாம் வகுப்பு, வேறு பள்ளி, வேறு நிற யூனிஃபார்ம். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"விட்டுட்டாங்களா?"

"ம்."

கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கிளறினாள். "நோட்ஸ் இருக்குதான்னு ஜட்ஜம்மா கேட்டப்ப நான் இல்லன்னு சொல்லிருக்கணுமாண்ணா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணாவது பாயிண்ட் கரெக்டு."

"கரெக்டு."

"நாலாவது?"

"தப்பு. நீ சொன்னதுதான் சரி. வியாழக்கிழமை."

"நான் வியாழக்கிழமைன்னு சொல்லல. நீல யூனிஃபார்ம்னுதான் சொன்னேன்."

அதுவும் சரி.

"இன்னொரு கோர்ட்டுக்குப் போகுமாமே. அங்கயும் என்னைக் கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க. உன்னைக் கூப்புடவே மாட்டாங்க. இங்க எழுதின பேப்பரத்தான் படிப்பாங்க."

"எந்தப் பேப்பர்? உன்னுதா, என்னுதா?"

"ரெண்டும் ஃபைல்ல இருக்கு."

அப்பாவின் வண்டி கேட்டுக்கு வெளியே ஹார்ன் அடித்தது. அம்மா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். மேஸ்திரி கிளம்பி நாலு அடி நடந்து, திரும்பி, முன்பு குடம் வைக்கச் சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"என்னுத மொதல்ல படிக்கச் சொல்லு."